பம்பு பெல்ட்டும் பாதுகாக்கப்பட்ட சுரங்கமும்

ஒத்தைப்பால ரப்பர் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பின் பெல்ட், தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, மேலிடத்தின் முன் அனுமதி எதுவும் பெறாமல் அறுந்துபோனது.

பெல்ட் அறுவது உலக அதிசயம் ஒன்றும் இல்லை. மந்தின் டவுனிலிருந்து ஏழு கல் உள்ளே இருக்கும் அந்தத் தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு முறை அறும். ஆற்றுத் தண்ணீர் தொட்டிக்கு ஏறாது. ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பைப்புகளைத் திறந்தால் காற்றுதான் வரும். பம்புக்காரர் வந்து, “கிராணியாரே, பெல்ட்டு போச்சு” என்பார். ஆபீஸ் கணக்கையும் ஸ்டோரையும் பார்க்கும் பெரிய கிராணி திருநாவுக்கரசு ஸ்டோரைத் திறந்து, ஆணியில் தொங்கும் புதுப் பெல்ட்டைக் கழற்றிக் கொடுப்பார். ஒரு கோப்பி ஆறுவதற்குள் தண்ணீர் வந்துவிடும். முப்பது வருஷமாக இப்படித்தான் நடந்தது. நாகரிகம் தெரியாத காலம்.

அந்த வருஷம் ஜனவரியில் நாகரிகம் வந்து சேர்ந்தது. கோலாலம்பூர்த் தலைமையகம் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு சுற்றறிக்கையையும் ஒரே லாரியில் அனுப்பி வைத்தது. சுற்றறிக்கை சொன்னது: “இனித் தோட்டத்துக் களஞ்சியத்திலிருந்து எந்தப் பொருளும், தலைமையகத்தின் கணினிவழி அனுமதியின்றி, எக்காரணம் கொண்டும், எவராலும், எவ்வகையிலும் வெளியேறலாகாது.”

கம்ப்யூட்டருக்கு ராஜ மரியாதை. மேனேஜர் ராமகிருஷ்ணன் அதற்கென்று ஓர் அறை ஒதுக்கி ஏர்கோன் போட்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் என்று கேள்விப்பட்டு, இங்கே ஒன்றரை போட்டார். மேலே போர்த்தப் பூ வேலை செய்த துணி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். திருநாவுக்கரசு முதல் நாள் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். பெல்ட் இல்லாமல் இல்லை. அதுதான் வேதனை. கிராணி நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பினால், ஸ்டோரின் கம்பி வலைக்குப் பின்னால், நாலு எட்டு தூரத்தில், ஆணியில் அது கறுகறுவென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நாலு எட்டு நடக்கக் கோலாலம்பூர் தலையாட்டவேண்டும்.

கோலாலம்பூரைக் கேட்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவர் கண்ணப்பன். தலைமையகத்தின் சிஸ்டம் ஆபிசர். சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. இடுப்பில் கைத்தொலைபேசி மாட்டியிருப்பார். ஒத்தைப்பாலத்தில் அதற்கு லைன் கிடைக்காது. ஆனாலும் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

“சார், இது சும்மா லைன் இல்ல,” என்றார் கண்ணப்பன். “உங்க கம்ப்யூட்டருக்கும் எங்க கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு ரகசியச் சுரங்கம். உள்ள என்ன போவுது வருதுன்னு வெளியாளு ஒட்டுக்கேட்டாலும் புரியாது. எல்லாம் பூட்டு போட்ட எழுத்து.”

“யாரு சார் ஒட்டுக்கேக்கப் போறா?”

“எதிரிங்க.”

திருநாவுக்கரசு ஸ்டோரை ஒரு முறை மனசுக்குள் சுற்றி வந்தார். பால் உறைய ஊற்றும் திராவகம் நாற்பது கேன், ரப்பர் பூட்ஸ் பன்னிரண்டு ஜோடி, சக்கரம் இல்லாத தள்ளுவண்டி ஒன்று, பம்பு பெல்ட் ஒன்று. எந்த நாட்டு எதிரிக்கு இதன்மேல் கண் என்று அவருக்கு விளங்கவில்லை. படித்தவர் சொல்கிறார் என்று தலையை ஆட்டி வைத்தார்.

சுரங்கத்தில் நுழைய, கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒரு சின்னப் பெட்டி டெலிபோன் லைனில் கோலாலம்பூரைக் கூப்பிடும். கூப்பிட்டதும் கீய்ய்ய் என்று கத்தும். கத்தி முடித்ததும் பேர் கேட்கும். அப்புறம் பதினாலு எழுத்து ரகசியச் சொல் கேட்கும். அதில் சாமி பேர், பெண்டாட்டி பேர், பிள்ளை பேர் எதுவும் இருக்கக்கூடாது. மாதத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும். எங்கேயும் எழுதி வைக்கக்கூடாது. திருநாவுக்கரசு அதை முருகன் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஆறு பக்கப் படிவம். எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம். தோட்டங்களுக்குச் சுரங்கம் திறந்திருப்பது காலை ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும்தான்.

பெல்ட் அறுந்த அன்று ஒன்பது மணிக்கு அவர் உள்ளே நுழைந்தார். நாலாம் பக்கத்தில் “பொருளின் நீளம்” எழுதிக்கொண்டிருக்கும்போது, ஒன்பது பத்துக்கு, சுரங்கம் இடிந்தது. திரையில் ஒரு வரி: தொடர்பு துண்டிக்கப்பட்டது. திரும்ப நுழைந்தார். திரும்ப இடிந்தது. மறுநாளும் ஒன்பது பத்து. அதற்கு மறுநாளும் ஒன்பது பத்து.

ஏன் இடிகிறது என்று திருநாவுக்கரசுக்குத் தெரியும். பம்புக்காரருக்கும், காவல் காக்கும் ஜாகாவுக்கும், ஆபீஸ் கூட்டுகிற அம்மாவுக்கும் தெரியும். ஆபீசுக்கும் மேனேஜர் பங்களாவுக்கும் ஒரே டெலிபோன் லைன், இரண்டு போன். மேனேஜரின் சம்சாரம், பங்களா அம்மா சீதாலெட்சுமி, மந்தினில் இருக்கும் தங்கச்சியோடு பேச ஒன்பது பத்துக்குப் போனைத் தூக்குவார். காதில் கீய்ய்ய் என்று விழும். “சீ!” என்று வைத்துவிடுவார். அந்த ஒரு “சீ” போதும், கோலாலம்பூர் வரைக்கும் சுரங்கம் சரிந்துவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்குவார்.

அம்மாவிடம் சொல்லிவிடவேண்டியதுதானே என்று கேட்பவர் தோட்டத்தில் வேலை செய்ததில்லை. பங்களா என்ற சொல் எந்தக் கடுதாசியிலும் வரக்கூடாது. எவர் வாயிலும் புகாராக வரக்கூடாது. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து வந்த வழக்கம். முன்னொரு துரையின் நாய் ஆஸ்பத்திரி டிரெசரின் தொடையைக் கடித்தபோது, “அடையாளம் தெரியாத விலங்கு ஒன்று” என்று அறிக்கை எழுதியவர் இதே திருநாவுக்கரசு. நாய் அப்போது அவர் மேஜைக்கு அடியில்தான் படுத்திருந்தது.

நாலாம் நாள் ஆபீஸ் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பால்மரம் வெட்டுகிற பெண், பேர் பஞ்சாலை. அவள் வாயைத் திறந்தால் ஆள் மேய்க்கும் மண்டோர்கள் வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவார்கள். இடுப்பில் காலி வாளி.

“என்னா கிராணியாரே, நாலு நாளா ஆத்துலேருந்து தண்ணி தூக்குறோம். அந்தா தொங்குது பெல்ட்டு. கைய விட்டு எடுங்கலா!”

“எடுக்கலாம் பஞ்சாலை. அனுமதி வரணுமில்ல.”

“எங்கேருந்து?”

“கோலாலம்பூர்லேருந்து. சுரங்கம் வழியா.”

“அம்மாடியோவ்! இங்கேருந்து கோலாலம்பூருக்குச் சுரங்கம் தோண்டத் தெரியுது. அப்பிடியே ஒரு பைப்பையும் போட்டிருந்தா நாங்க குளிச்சிருப்போமே!”

திருநாவுக்கரசுக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டுப் பைப்பும் அதே தொட்டிதான். வீட்டுக்காரி வள்ளியம்மா அன்று காலைதான் இரண்டு வாளியை அவர் கையில் திணித்து, “கம்ப்யூட்டர் கிராணின்னு ஊரெல்லாம் பீத்திக்கிறீங்கல்ல, போயி மொண்டுக்கிட்டு வாங்க” என்று அனுப்பியிருந்தாள். ஐம்பத்து நாலு வயசில், வெள்ளைக் கால்சட்டையை மடித்துக்கொண்டு, லயத்துப் பெண்கள் பார்க்க ஆற்றில் இறங்கினார் மனுஷன். அந்த அவமானம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

தலைமையகத்துக்குப் போன் போட்டார்.

“சார், உள்ள நுழைஞ்சா வெட்டிக்கிட்டு போயிடுது.”

“போன்ல புகார் வாங்குறதில்லை சார். சிஸ்டத்துக்குள்ள நுழைங்க, புகார் படிவம் இருக்கும்.”

“உள்ள இருக்க முடியலங்கிறதுதான் புகார்.”

“அதையே அங்க எழுதுங்க சார்.”

கடுதாசி போட்டார். பத்தாம் நாள் பதில் வந்தது. கடுதாசி கிடைக்கப்பெற்றது என்றும், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கடுதாசிகள் ஏற்கப்படுவதில்லை என்றும் இருந்தது. ஆனாலும் ஒத்தைப்பாலத்தின் துண்டிப்பு எண்ணிக்கை நூறைத் தாண்டியதால், சிஸ்டம் தானாகவே மணி அடித்து, கண்ணப்பன் தானாகவே வந்து சேர்ந்தார்.

முதல் நாள் கண்ணப்பன் நோயைக் கண்டுபிடித்தார். “நீங்க படிவத்தைப் பாத்து யோசிக்கிறீங்க சார். யோசிக்கிற நேரத்துல கம்ப்யூட்டர் சும்மா இருக்கு. சும்மா இருந்தா, ஆளு இல்லன்னு நெனைச்சு அந்தப் பக்கம் வெட்டிடுது. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏதாச்சும் ஒரு பொத்தானைத் தட்டிக்கிட்டே இருக்கணும்.”

“யோசிக்கிறது யாரு, தட்டுறது யாரு?”

“தட்டுறதுக்கு ஒரு ஆளைப் போடுங்க.”

போட்டார்கள். புல் வெட்டும் சன்னாசிக்கு முழங்கால் வலி. உட்கார்ந்த வேலை என்றதும் ஓடி வந்தார். தோட்டத்தில் ஒரு ஆள் தனியாக வேலை செய்யும் வழக்கம் இல்லை என்பதால், சன்னாசி தட்டுகிறாரா என்று பார்க்க மணியம் மண்டோரைப் போட்டார்கள். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, “வெட்டுக்காடு முப்பத்தாறு, புல்லுவெட்டு ஒம்பது, பொத்தான் தட்டு ஒண்ணு” என்று கூப்பிட்டார்கள். சன்னாசி பெருமையாக, “இருக்கேன்!” என்றார்.

அன்று சன்னாசி அரை நிமிஷத்துக்கு ஒரு தட்டு, சுத்தமாகத் தட்டினார். ஒன்பது பத்துக்கு வெட்டிக்கொண்டது. மணியம் மண்டோர், “ஒழுங்கா தட்டுலா!” என்று அவரைத் திட்டினார்.

கண்ணப்பன் கம்ப்யூட்டரின் குறிப்புகளையெல்லாம் நீளமாக அச்சடித்து எடுத்தார். காகிதம் மேஜையிலிருந்து வாசல் வரை போனது. அதைத் தரையில் விரித்து, முட்டிபோட்டுப் படித்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“சார், இது பழுது இல்ல. ஊடுருவல்! தினமும் ஒம்பது பத்துக்கு யாரோ லைன்ல பூர்றாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல. எதிரி ரொம்பக் கட்டுப்பாடானவன்.”

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியே பங்களாவுக்கு வந்துவிடுவார் என்பது கிராணிக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. மறுநாள் தந்திக் கம்பத்தடியில் தடியோடு ஒரு ஜாகா நிறுத்தப்பட்டார். கம்பத்தை யாரும் நெருங்கவில்லை. ஒன்பது பத்துக்கு வெட்டிக்கொண்டது.

அதற்கு மறுநாள் காலை தூறல். மரம் நனைய அது போதும், அதனால் பால்வெட்டு இல்லை. வாளி நிறைய அது போதாது, அதனால் பெண்கள் வாளியோடு ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். பஞ்சாலை முன்னால் நின்றாள். உள்ளே மேனேஜர், கண்ணப்பன், கிராணி, மண்டோர். நடுவில் சன்னாசியின் விரல்.

“இன்னிக்கு ஆளைப் பிடிச்சிரலாம்,” என்றார் கண்ணப்பன். “சின்னப் பெட்டியோட ஸ்பீக்கரை முழுசாத் தொறந்து வெச்சிருக்கேன். எதிரி மூச்சு விட்டாலும் கேக்கும்.”

ஒன்பது ஐந்து. ஒன்பது எட்டு. ஏர்கோன் குளிரிலும் திருநாவுக்கரசுக்கு வேர்த்தது. ஒன்பது பத்து. ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு, கணீரென்று, அறை முழுக்க:

“சீ! சனியன் புடிச்ச போனு, இன்னிக்கும் கத்துது பாரு!”

சன்னாசியின் விரல் ஆகாயத்தில் நின்றது. மணியம் மண்டோர் தன் கால்விரல்களைப் பார்த்தார். திருநாவுக்கரசு முருகன் காலண்டரைப் பார்த்து, இன்று என்ன கிழமை என்று யோசிப்பதுபோல் நின்றார்.

கண்ணப்பன் மட்டும் விறுவிறுவென்று எழுதினார். “எதிரி பெண். தமிழ் பேசுபவர். வயது சுமார் ஐம்பது.”

“நாப்பத்திரெண்டு,” என்றார் மேனேஜர் சட்டென்று. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருக்கலாம். கொரல்ல தெரியுது” என்றார்.

“ஐயோ, இது நம்ம பங்களா அம்மா கொரலுலா!” என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் பஞ்சாலை.

யாருக்கும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் முப்பது வருஷப் பயிற்சி.

“அவங்க என்ன சொல்றாங்க?” என்று ஜன்னலைக் காட்டிக் கேட்டார் கண்ணப்பன்.

“தண்ணி இல்லன்னு சொல்றாங்க சார்,” என்றார் திருநாவுக்கரசு.

பஞ்சாலை அவர் முகத்தையும் மேனேஜர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் பிடிபட்டது. “சரி கிராணியாரே, நாளைக்கு ஒம்பது மணிக்கு மெசினை முடுக்குங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்,” என்று போய்விட்டாள்.

மறுநாள் மரத்துக்குப் போகாமல், ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பை மாங்காயோடு பங்களாவின் பின்வாசலில் நின்றாள் பஞ்சாலை. “அம்மா, மூணாம் லயத்துக் கல்யாணம் நின்னுபோன கதை தெரியுமா?” சீதாலெட்சுமி அம்மா போனை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டு, பலகையை எடுத்துப் போட்டார். பேசுவதற்கு ஆள் வீட்டுக்கே வந்துவிட்டால் போன் எதற்கு?

ஒன்பது பத்து வந்தது, போனது. சுரங்கம் அசையவில்லை. நாலாம் பக்கம், ஐந்தாம் பக்கம், ஆறாம் பக்கம். திருநாவுக்கரசு கடைசிப் பொத்தானை அமுக்கினார். அரை நிமிஷத்தில் கோலாலம்பூர் பதில் சொன்னது:

“பொருள்: பம்பு பெல்ட். இருப்பு: ஒன்று. இருக்கவேண்டிய குறைந்தபட்ச இருப்பு: ஒன்று. எனவே வழங்க இயலாது. நன்றி.”

திருநாவுக்கரசுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் மூன்று வாரமாக மேட்டுக்கு ஏறி வந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

“சிஸ்டம் சரியாத்தான் சொல்லுது சார்,” என்று கண்ணப்பன் மகிழ்ச்சியோடு பையைக் கட்டினார். “சுரங்கம் பிரமாதமா வேலை செய்யுது!” காரில் ஏறிப் போய்விட்டார்.

பஞ்சாலை வந்து கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கோபப்படக்கூட இல்லை. “கிராணியாரே, பெரட்டுல ஒரு ஆளு கொறைஞ்சா என்னா பண்ணுவீங்க?”

“மாத்தாள் நிறுத்துவேன்.”

“அம்புட்டுதானே!” வலைக்குள் கையை விட்டுப் புதுப் பெல்ட்டைக் கழற்றினாள். பம்புக்காரர் கையிலிருந்த அறுந்த பெல்ட்டை வாங்கி அதே ஆணியில் மாட்டினாள். “எண்ணிப் பாருங்க. ஒண்ணு இருந்திச்சு, ஒண்ணு இருக்கு.”

திருநாவுக்கரசு எண்ணிப் பார்த்தார். ஒன்று இருந்தது. கணக்கு சரி. அரை மணி நேரத்தில் லயத்தில் பைப்புகள் பீறிட்டன. பெண்கள் கத்திய கத்தல் மந்தின் வரைக்கும் கேட்டிருக்கும். வள்ளியம்மா புருஷனுக்கு மூன்று வாரம் கழித்து முதல் முறையாகச் சிரித்த முகத்தோடு கோப்பி கொடுத்தாள்.

கண்ணப்பனின் அறிக்கை தலைமையகத்தில் கைதட்டல் வாங்கியது. “பொத்தான் தட்டுநர் நியமனத்தாலும் கம்பக் காவலாலும் பெண் ஊடுருவி முறியடிக்கப்பட்டார்.” கெமாஸ் பக்கம் வரைக்கும் எல்லாத் தோட்டத்திலும் ஒரு சன்னாசி, ஒரு மண்டோர், கம்பத்தடியில் ஒரு ஜாகா. ஒரு தோட்டத்தில் டெலிபோன் கம்பமே இல்லை; ஜாகாவுக்காகக் கம்பம் நட்டார்கள். கம்ப்யூட்டர் துணிக்குப் பூ வேலை போய் ஜரிகை வந்தது.

மேனேஜர் ராமகிருஷ்ணன் கிராணியைத் தனியாகக் கூப்பிட்டார். “காலையில ஒம்பதுலேருந்து பத்து வரைக்கும்... ஒரு எடத்துல... ஒருத்தவங்ககிட்ட... யாராச்சும் பேசிக்கிட்டிருந்தா நல்லது.”

“புரியுது தொரை.”

“எங்கன்னு எழுத வேணாம்.”

“எழுத மாட்டேன் தொரை.”

இப்படியாகப் பஞ்சாலை “தொடர்புப் பாதுகாப்பு உதவியாளர்” ஆனாள். மரம் வெட்டும் வேலை போனது. தினமும் பங்களா ஃபேனுக்குக் கீழே பலகை, தேத்தண்ணி, ரொட்டி. ஆறு மாதத்தில் பலகை நாற்காலி ஆனது. பெரட்டில் அவள் பேரைக் கடைசியாக, கொஞ்சம் மரியாதையோடு கூப்பிட்டார்கள். தலைமையகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி, “அந்த ஊடுருவி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டபோது, “அடையாளம் தெரியாத ஆளுங்க சார்,” என்றாள் அதே பஞ்சாலை.

அடுத்த வருஷம் மே மாதம் பெல்ட் அறுந்தது.

பெண்கள் நேரே பஞ்சாலை வீட்டுக்குத்தான் போனார்கள். அவள்தானே வழி கண்டவள்! பஞ்சாலை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “வாயால சொன்னா எப்பிடி? எழுதிக் குடுங்க. ஒம்பது மணிக்கு எனக்கு டியூட்டி.”

திருநாவுக்கரசு ஸ்டோரைத் திரும்பிப் பார்த்தார். ஆணியில் போன வருஷத்து அறுந்த பெல்ட் தொங்கியது. சிஸ்டத்தில் அதுதான் “இருப்பு: ஒன்று”. இருப்பு இருக்கும்போது புதிது வாங்கமுடியாது. குறைந்தபட்சம் இருக்கும்போது உள்ளதைத் தரமுடியாது. சுரங்கம் வழியாகக் கண்ணப்பனைக் கேட்டார். பதில் பளிச்சென்று வந்தது: “இருப்பு இரண்டு இருந்தால் ஒன்றை வழங்கலாம் சார்.”

ஆஹா! இது தோன்றாமல் போயிற்றே! அன்று காலை அறுந்த பெல்ட்டையும் கொண்டுவந்து பக்கத்து ஆணியில் மாட்டினார். இருப்பு: இரண்டு. ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தார். சன்னாசி தட்டினார். மணியம் மண்டோர் சன்னாசியைப் பார்த்தார். ஜாகா கம்பத்தைப் பார்த்தார். பஞ்சாலை பங்களாவில் பேசினாள். ஆறு பக்கமும் ஓர் அசைவு இல்லாமல் போயிற்று. ஒன்பது பதினாறுக்குத் திரையில் வந்தது, ஒத்தைப்பாலத் தோட்டத்துச் சரித்திரத்தில் முதல் முறையாக:

“அனுமதி வழங்கப்பட்டது.”

மேனேஜர் கைதட்டினார். மண்டோர் கைதட்டினார். சன்னாசி ஒரு கையால் தொடையைத் தட்டிக்கொண்டு மறு கையால் பொத்தானைத் தட்டினார். திருநாவுக்கரசு எழுந்து, நாலு எட்டு நடந்து, அறுந்த பெல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றி, பம்புக்காரரிடம் இரண்டு கையாலும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்குப் பஞ்சாலை ரொட்டித் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தாள். ஜன்னலில் காலி வாளிகளோடு நின்ற பெண்களைப் பார்த்து, “பாத்தீங்களா? முறையா எழுதிக் குடுத்தா முறையா வருது. சும்மா ஜன்னல்ல நின்னு கத்துனா ஆவுமா?” என்றாள்.

அந்தப் பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பாதையில் வரிசையாக நடந்தார்கள். வரிசையின் கடைசியில், வெள்ளைக் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, வள்ளியம்மா கொடுத்த இரண்டு வாளிகளோடு பெரிய கிராணியும் நடந்தார்.

“என்னா கிராணியாரே,” என்று முன்னால் போனவள் திரும்பிக் கேட்டாள், “அனுமதிதான் வந்திருச்சில்ல?”

“வந்திருச்சு,” என்றார் திருநாவுக்கரசு. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.